கேள்விக்கு மட்டும் ஒத்திகை

குமரேசனின் இரண்டு கைகளும் முழங்கை வரை மாம்பழ மஞ்சளாக இருந்தன.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவருடைய ஒரே மகள். பார்க்கப் போகலாம் என்று கதவைத் திறந்த நர்ஸ், அவர் கைகளைப் பார்த்துவிட்டு, "கை கழுவிட்டு வாங்க" என்றார். குமரேசன் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். நர்ஸ் மறுபடியும் பார்த்தார். "நல்லா சோப்பு போட்டுக் கழுவுங்கய்யா." மறுபடியும் போனார். மூன்றாம் முறை வந்து நின்றபோது கைகளை அவர் முன்னால் நீட்டிக்கொண்டே சொன்னார்: "இது போவாதும்மா. பட்டுக்குப் போடற சாயம்."

நர்ஸ் கதவை அகலத் திறந்தார். உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

ஆரணியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு குமரேசனுடையது. வீட்டுக்குப் பின்னாலேயே சாயப் பட்டறை. நெசவுக்காரர்கள் கொடுக்கும் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றிக் கொடுப்பார். அண்டாவில் நூல் வெந்துகொண்டிருந்தபோதுதான் உள்ளேயிருந்து மனைவி லலிதா அலறியிருக்கிறார். போட்டது போட்டபடி ஓடியவர், அந்தக் கோலத்திலேயே வேலூர் வரை வந்துவிட்டார்.

மறுநாள் நான் போனபோது விடிந்து வெகு நேரமாகியிருந்தது. என் மனைவி சரோஜா, மாற்று வேட்டி, லலிதாவுக்குப் புடவை, தயிர்சாதம் எல்லாம் ஒரு பையில் வைத்துக் கொடுத்திருந்தாள். மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்த குமரேசன் என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி:

"அண்ணா, ஊர்ல இன்னா சொல்லி வெக்கறது?"

"ஊரு கெடக்கு. டாக்டரு இன்னா சொன்னாரு?"

"பொழச்சிக்குவாளாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே கேட்டது போலிருந்தது. வாய் கோணிக்கொண்டது. மஞ்சள் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

லலிதா அந்த நடைவழியின் மறுகோடியில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வண்டியில் வந்தவர்கள். அங்கே வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

எழுதாமல் விடுவது

கண்டக்டராக இருந்த நாட்களைப் பற்றியே இந்தத் தொடரில் எழுதி வந்தேன். இந்த வாரம் எழுதுவது நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது. சில ஆண்டுகள் ஆகின்றன.

அந்தப் பெண்ணைத் தாரிணி என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். தன் உயிரைப் போக்கிக்கொள்ளப் பார்த்தாள், பிழைத்துக்கொண்டாள். எப்படி என்பதை எழுத மாட்டேன். அது யாருக்கும் தேவையில்லை.

ஏன் என்பதையும் எழுதப் போவதில்லை. இதை அச்சுக்கு அனுப்பும் முன்னால் அவளிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தேன். "காரணம்னு ஒண்ணு எழுதிடாதீங்க பெரியப்பா. எனக்கே முழுசாத் தெரியாது. நீங்க ஒண்ண எழுதினா, படிக்கறவங்க அதுதான்னு முடிவு பண்ணிடுவாங்க" என்றாள். நியாயமாகப் பட்டது.

ஆனால் அன்றைக்கு எல்லோருக்கும் வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். குமரேசன் மனசுக்குள் லலிதாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்: அன்றைக்குக் காலையில் அவளிடம் என்ன சொன்னாய்? லலிதா மனசுக்குள் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்: போன வாரம் ஏன் அப்படிக் கத்தினீர்கள்? இரண்டு பேரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அதனாலேயே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

மனநல மருத்துவர் ஒரு நடுத்தர வயது அம்மா. வீட்டுக்கு அனுப்பும் முன்னால் பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கூட நானும் போயிருந்தேன். லலிதா எடுத்த எடுப்பிலேயே, "எங்க ரெண்டு பேர்ல யாரு மேல தப்பு டாக்டர்?" என்று கேட்டார்.

"அதைக் கண்டுபிடிக்கறது என் வேலை இல்லம்மா" என்றார் அவர். "உங்க பொண்ணுக்கு உடம்பு சரியில்ல. மனசுல வந்த நோவு. மாத்திரை இருக்கு, பேச்சு இருக்கு, குணமாகும். நீங்க ரெண்டு பேரும் தூங்கணும், சாப்பிடணும். நீங்க விழுந்துட்டா அவளை யாரு பார்ப்பா?"

பிறகு இரண்டு விஷயம் சொன்னார். வீட்டில் ஆபத்தான பொருள் எது இருந்தாலும் அவள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். இன்னொன்று, அவள் முகம் வாடினால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள்: சாக வேண்டும் போலிருக்கிறதா என்று.

லலிதா பயந்துவிட்டார். "நாமளே ஞாபகப்படுத்தற மாதிரி ஆயிடாதா?"

"ஆகாது. அவ தனியா சுமக்கறதை நீங்க பாதி வாங்கிக்கற மாதிரி ஆகும்."

குமரேசன் தலையை ஆட்டினார். ஆட்டினாரே தவிர, அந்த வார்த்தையைக் கேட்டதுமே அவருக்கு வியர்த்துவிட்டதைப் பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன்.

சேத்துப்பட்டு பஸ்ஸில் ஒரு காலி இடம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் சேத்துப்பட்டு வழியில் ஓடிக்கொண்டிருந்த காலம். வாரம் தவறாமல் ஒருவர் ஏறுவார். மகனை இப்படித்தான் இழந்தவர் என்று பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். படிக்கட்டு வரை ஆள் தொங்கும். அவர் பக்கத்து இடம் மட்டும் காலியாக இருக்கும். யாருக்கும் அவர் மீது கோபமில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன பேசுவது என்ற பயம்தான்.

ஒருநாள் தேசூர்ப் பக்கத்திலிருந்து வரும் பூக்காரம்மா ஒருவர் ஏறினார். மல்லியும் கனகாம்பரமும் நிறைந்த கூடை. நேராகப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தார். "இந்தாங்க, கொஞ்சம் புடிங்க, கால் வெக்க எடமில்ல" என்று கூடையை அவர் மடியில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மழை இல்லாததைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவரும் பதில் சொன்னார். பஸ்ஸில் அவர் குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான். சேத்துப்பட்டு வரும்வரை அந்தக் கூடையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அந்தம்மாவுக்கு அவர் கதை தெரியுமா, தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குமரேசன் வீட்டுக்குத் திரும்பியபோது எனக்கு அந்தக் கூடைதான் நினைவுக்கு வந்தது. சரோஜாவிடம் சொன்னேன். "நாம போலாம். போய் இன்னா பேசறதுன்னு யோசிச்சுகினு போவ வேணாம்" என்றாள்.

காவல்

போனோம். அந்த வீடு வீடாக இல்லை.

தாரிணி எழுந்தால் லலிதா எழுவார். அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, "தாரிணி… தாரிணி…" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். லலிதா கண்ணை மூடி எத்தனை நாளாயிற்றோ. கண்ணுக்குக் கீழே மை பூசியது போலக் கறுத்திருந்தது.

ஒருநாள் மதியம் நாங்கள் இருக்கும்போதே அந்தப் பெண் வெடித்தாள். "அம்மா, இது இன்னா ஜெயிலா? ஏன் என் பின்னாடியே வந்துகினு இருக்க?"

"நான் வராம வேற யாருடி வருவா?"

தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் அழுதார்கள். சரோஜா யாரையும் சமாதானப்படுத்தவில்லை. கையோடு கொண்டுபோயிருந்த பட்டுப் புடவையைப் பிரித்துக் கூடத்தில் போட்டாள். முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பது அவளுக்குப் பொழுதுபோக்காக ஆரம்பித்துத் தொழிலாகிவிட்ட வேலை.

"லலிதா, நீ போய் உள்ள படு. நான் சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். தாரிணி, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. இந்த நூலப் பிரிச்சுக் குடுறியா?"

சரோஜாவுக்குக் கண் நன்றாகத் தெரியும்.

முதல் நாள் தாரிணி நூலைப் பிரித்துக் கொடுத்ததோடு சரி. மறுநாள் ஒரு முடிச்சு போட்டாள். பிறகு தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் சரோஜா கிளம்பிவிடுவாள். லலிதா உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். கூடத்தில் பெரியம்மாவும் பெண்ணும் குஞ்சம் கட்டுவார்கள். என்ன பேசுகிறீர்கள் என்று ஒருநாள் சரோஜாவைக் கேட்டேன். "ஒண்ணும் பேசல. முடிச்சு எப்பிடி இறுக்கறதுன்னு பேசறோம்" என்றாள்.

வாரங்கள் போகப் போக, லலிதாவின் முகத்தில் ரத்தம் ஓட ஆரம்பித்தது. தூங்கி எழுந்த ஒரு சாயங்காலம், காபி போட்டுக்கொண்டு போய்க் குமரேசன் பக்கத்தில் வைத்தார். "ஆறிடப் போவுது" என்றார். அவ்வளவுதான். அதுவரை அவர்களுக்குள் அதுகூட இல்லை.

கலசப்பாக்கத்து அக்கா

குமரேசனின் அக்கா கலசப்பாக்கத்திலிருந்து வந்தார். விஷயம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"செல்போனக் குடுத்துக் கெடுத்தீங்க. பொம்பளப் புள்ளய அவ்ளோ தூரம் படிக்கவா அனுப்புவாங்க? நல்ல எடமாப் பாத்துத் தள்ளி வுட்டுடுங்க, எல்லாம் சரியாப் போயிடும்."

லலிதா உள்ளறையைக் காட்டி மெல்லச் சொன்னார்: "அண்ணி, அவ உள்ளதான் இருக்கா. கேக்கும்."

"கேக்கட்டுமே! பெத்தவங்க வவுத்துல நெருப்ப அள்ளிக் கொட்டிட்டு…"

குமரேசன் அக்காவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அவரை வளர்த்தவரே அந்த அக்காதான். அன்றைக்கு எழுந்து வந்து அக்காவின் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தார்.

"அக்கா, நீ எத்தினி நாளு வேணும்னாலும் இரு. சாப்புடு, தூங்கு. அவளப் பாக்கணும்னா போய்ப் பாரு. அந்தப் பேச்சு மட்டும் இந்த வூட்ல வேணாம்."

அக்கா அவரையே பார்த்தார். பிறகு பொத்தென்று உட்கார்ந்து அழுதார். "பஸ்ஸுல வர்றப்போ பூரா பேஜாரா இருந்துச்சுடா. வந்து இன்னா பேசறதுன்னே எனக்குத் தெரியல. அதான் எதையோ பேசறேன்."

கதவைத் திறந்துகொண்டு தாரிணி வந்தாள். அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, சிக்கு விழுந்த முடியை விரலாலேயே பிரித்துவிட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு தங்கியிருந்த நாட்களில், வந்ததும் பேசியதை அவர் மறுபடி பேசவில்லை.

குட்டியானையில் ஏறிய பட்டறை

டாக்டர் சொன்ன முதல் விஷயம் குமரேசனுக்கு மற்றவர்களைப் போல எளிதில்லை. மாத்திரைகளை லலிதா பூட்டி வைத்துவிட்டார். ஆனால் பட்டறையே வீட்டுக்குள் இருக்கிறதே. சாயத்தூள், காரம், அமிலம் என்று பின்கட்டு முழுக்க அதுதான். தொழிலை விடவும் முடியாது.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு கொட்டகை சும்மா கிடந்தது. முன்பு மாடு கட்டியிருந்தோம். "அங்க கொண்டாந்துடு குமரேசா. தண்ணி இருக்கு, கதவு இருக்கு, பூட்டு நான் வாங்கியாரேன்" என்றேன்.

தாரிணி வீட்டுக்கு வந்த வாரத்திலேயே, ஒரு காலை வேளையில் குட்டியானை லாரியைக் கூப்பிட்டு ஏற்றினோம். செம்பு அண்டா, நூல் காயப்போடும் மூங்கில் கோல்கள், டப்பாக்கள். தெருவில் சாயப் பட்டறை வீட்டை விட்டுக் கிளம்பினால் கேட்காமல் இருப்பார்களா?

"இன்னா குமரேசா, ஷிஃப்ட் பண்றியா? வூட்ட விக்கப் போறியா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

குமரேசன் என்னைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, "இங்க தண்ணி பத்தல, அதான்" என்றேன்.

வாசலில் நின்றுகொண்டிருந்த தாரிணி இறங்கி எங்கள் அருகில் வந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்: "எதுக்குப்பா பொய்யி? எனக்கு ஒடம்பு சரியில்ல, டாக்டர் இந்த நெடி ஆவாதுன்னு சொன்னாங்கன்னு சொல்லுங்க. ஒடம்பு சரியில்லன்றது உண்மதானே."

குமரேசன் அண்டாவின் விளிம்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு எதிர்வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "பொண்ணுக்கு ஒடம்பு முடியலப்பா. வூட்ல இதெல்லாம் வெக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாங்க."

எதிர்வீட்டுக்காரருக்கு என்ன புரிந்ததோ. மேலே எதுவும் கேட்காமல் சட்டையைக் கழற்றித் திண்ணையில் போட்டுவிட்டு வந்து அண்டாவின் இன்னொரு காதைப் பிடித்தார்.

மீசை வைத்த தாரிணி

அதற்குப் பிறகு குமரேசன் தினமும் எங்கள் கொட்டகையில்தான் வேலை செய்தார். வெந்நீர் ஆவியும், பக்கத்து அரிசி ஆலையில் நெல் வேகும் வாசமும் கலந்து வரும். நூலை முக்கி முக்கிப் புரட்டுவார். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் கோலைக் கையில் பிடித்தபடியே சொன்னார். "அண்ணா, டாக்டரம்மா ரெண்டாவதா ஒண்ணு சொன்னாங்களே. அது என் வாயில வரவே மாட்டேங்குது. அவ மொகம் ஒரு மாதிரி இருந்தா, 'சாப்ட்டியாம்மா'ன்னு கேட்டுட்டு வந்துடறேன். அவளும் 'சாப்ட்டேன்'ன்றா. நான் கேட்டது அது இல்லன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்."

"லலிதா கேக்குதா?"

"அவளாலயும் முடியல. எனக்குன்னா அந்த வார்த்தய நெனச்சாலே எழுந்து இங்க வந்துடறேன்."

எனக்கு என்ன தோன்றியதோ, "சரி, என்னக் கேளு" என்றேன்.

"இன்னா?"

"நான்தான் தாரிணின்னு வெச்சிக்க. மொகம் வாடிப்போய் உக்காந்துகினு இருக்கேன். கேளு."

குமரேசன் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு மீசை கொஞ்சம் பெரிசு. அந்த ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்கு ஒத்திகை அதோடு போயிற்று.

மறுநாள் அவராகவே ஆரம்பித்தார். "அம்மா தாரிணி… உனக்கு… அந்த மாதிரி…" நின்றுவிட்டார். "அந்த மாதிரின்னா எந்த மாதிரி?" என்றேன். கோலைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

இப்படிப் பல நாள். ஒருநாள், "செத்துப் போவணும்னு…" என்பது வரை வந்தது. இன்னொரு நாள் முழு வாக்கியமும் வந்தது. "செத்துப் போவணும்னு தோணுதாம்மா?" என்று கேட்டுவிட்டு அண்டாவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். நூல் அடிப்பிடித்துவிடப் போகிறதே என்று நான் கோலை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் கண் மறைத்தது.

கொஞ்ச நாளில், அழாமல் கேட்க வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

தாரிணி மெல்லத் தேறினாள். வேலூருக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். விட்ட படிப்பை ஒரு வருடம் கழித்து மறுபடி தொடங்கினாள். சிநேகிதிகள் வீட்டுக்கு வந்தார்கள். லலிதா அவள் பின்னால் நடப்பதை விட்டார். நாங்களெல்லாம் ஆச்சு, கடந்தாச்சு என்று நினைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். லலிதா கறிக்குழம்பு வைத்திருக்கிறார். தாரிணி தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்திருக்கிறாள். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. குமரேசன் கை கழுவிக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். 'சாப்ட்டியாம்மா' என்பது நாக்கு நுனி வரை வந்ததாம். அதை விழுங்கிவிட்டுக் கேட்டிருக்கிறார்:

"தாரிணி, செத்துப் போவணும்னு தோணுதாம்மா?"

அடுப்படியில் லலிதா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

தாரிணி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "ஆமாம்ப்பா. நாலஞ்சு நாளாவே இருக்கு" என்றாள்.

நானும் குமரேசனும் கேள்விக்கு மட்டும்தான் ஒத்திகை பார்த்திருந்தோம். கொட்டகையில் நான் ஒவ்வொரு முறையும் "இல்லப்பா" என்றுதான் பதில் சொல்லியிருக்கிறேன். வேறு பதில் வந்தால் என்ன செய்வது என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணுமே தோணல அண்ணா" என்றார் குமரேசன், மறுநாள் என்னிடம். "'சரிம்மா, சொன்னியே, அது போதும்'னேன். எழுந்து போய் அவ பக்கத்துல உக்காந்துட்டேன். லலிதாவும் வந்து அந்தப் பக்கம் உக்காந்தா. தட்டு காஞ்சு போச்சு. யாரும் எழுந்திருக்கல. அப்புறம் அவளே, 'டாக்டருக்குப் போன் போடுங்கப்பா'ன்னா."

அவர் இதைச் சொன்னது எங்கள் வீட்டு வாசலில். டாக்டர் வரச் சொல்லியிருந்தார், வேலூருக்குக் கிளம்பிவிட்டார்கள். தெருவில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. கொட்டகைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, அடுப்பில் எதுவும் இல்லை என்று சொல்லத்தான் வந்திருந்தார். சரோஜா உள்ளேயிருந்து இட்லிப் பொட்டலத்தோடு ஓடிவந்தாள்.

நான் ஆட்டோவுக்குப் பக்கத்தில் போனேன். லலிதா மகளின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தாரிணி களைத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் சொன்னாள்:

"அப்பா கேட்டாரு பெரியப்பா. பயந்துகினேதான் கேட்டாரு. ஆனா நேராக் கேட்டாரு."

"தெரியும்மா" என்றேன். ஆட்டோ கிளம்பிவிட்டது.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். சில நாள் அங்கேயே தங்கவைத்தார். இந்த முறை புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்க்கப் போய்வந்த சரோஜா சொன்னாள். திரும்பி வந்தாள் தாரிணி. படித்து முடித்தாள். இப்போது ஆரணியிலேயே வேலைக்குப் போகிறாள். அந்த எண்ணம் இனி வரவே வராது என்று அவளும் சொல்வதில்லை, டாக்டரும் சொல்வதில்லை. வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரியும்.

இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, அப்பா இப்போதும் கேட்கிறாரா என்று கேட்டேன். சிரித்தாள்.

"கேப்பாரு. சில நாளு அவரு மொகத்தப் பாத்தாலே, கேக்கப் போறாருன்னு தெரிஞ்சிடும். நானே முந்திக்குவேன் பெரியப்பா. செருப்பக் கழட்டிகினே, 'இன்னிக்கு இல்லப்பா'ன்னு சொல்லிடுவேன். அவரு 'சரிம்மா'ன்னுட்டு எனக்குச் சோறு போட எழுந்து போவாரு."